தள்ளிப்போன அறுவைச் சிகிச்சையும் தள்ளிப்போகாத நோயும்

உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றதும் நம்மவரில் பலர் முகம் சுளிப்பது வழக்கம். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்" என்று திருமண விருந்திலேயே கேலி பேசுவோரும் உண்டு. (பேசுகிறவரின் இலையில் இரண்டாம் முறை பாயசம் விழுந்திருக்கும், அது வேறு கதை.) கோவிட்-19 கொள்ளைநோய்க் காலத்தில் இந்த எண்ணத்திற்கு மருத்துவ வழக்கிலுள்ள ஒரு சொல்லே வலுவூட்டிவிட்டது.

மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை முடக்கநிலை. இரு நாடுகளிலும் அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. உலகெங்கும் தொற்று உச்சத்திலிருந்த 12 வாரங்களில் மட்டும் சுமார் 28 மில்லியன் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று ஆய்வாளர்கள் அப்போது மதிப்பிட்டார்கள். அவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் 'இலெக்டிவ்' என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். முன்கூட்டி நாள் குறித்துச் செய்யக்கூடியது என்பதே அச்சொல்லின் மருத்துவப் பொருள். ஆனால் பொதுமக்கள் காதில் அது 'விரும்பினால் செய்துகொள்ளலாம், இல்லையேல் விட்டுவிடலாம்' என்றே விழுந்தது. பருமன் அறுவைச் சிகிச்சையை மூக்கை அழகுபடுத்தும் சிகிச்சையோடு சேர்த்து எண்ணியவர்களும் உண்டு.

இச்சிகிச்சை என்ன செய்கிறது? ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் அதிகமான பகுதியை நீக்கிவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைத்து அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பிடும் அளவு குறைவது மட்டும் இதன் பலன் அல்ல. குடலில் சுரக்கும் இயக்குநீர்கள் மாறுவதால், எடை இறங்கத் தொடங்கும் முன்னரே பலருக்கு இனிப்புநீர் கட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே இதை நீரிழிவுக்கான சிகிச்சை என்றே கொள்ளுதல் தகும்.

அப்படியிருக்க, ஏன் நிறுத்தினார்கள்? காரணங்கள் நியாயமானவையே. தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் சுவாசக் கருவிகளும் கோவிட் நோயாளிகளுக்குத் தேவைப்பட்டன. மயக்கமருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் செலுத்தும்போது கிருமி காற்றில் பரவும் அபாயம் இருந்தது. இவற்றைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் உண்டு. 24 நாடுகளில் 235 மருத்துவமனைகளைச் சேர்ந்த ஆய்வொன்று 2020 மே மாதம் வெளிவந்தது. அறுவைச் சிகிச்சையை ஒட்டிக் கோவிட் கண்ட 1,128 பேரில் ஏறத்தாழ 24 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்துபோனதாக அது கூறிற்று. அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களே அவர்களில் பெரும்பான்மையினர். எனினும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த மருத்துவருக்குத்தான் கத்தியை எடுக்கத் துணிவு வரும்?

சிக்கல் இங்கேதான். கோவிட் கண்டால் கடுமையாகப் பாதிக்கப்படுபவர்கள் யார் என்று பார்த்தால், உடல் பருமனும் நீரிழிவும் உடையவர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை சென்று மீண்ட பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், தமது உடல் எடையும் அதற்குக் காரணம் என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். தொற்றுக்கு அஞ்சி எந்தச் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்களோ, அதே சிகிச்சை தொற்றின் கடுமையைக் குறைக்கக்கூடியதாகவும் இருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2021 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், முன்பே இச்சிகிச்சையால் எடை குறைந்தவர்களுக்கும் கோவிட் தொற்றவே செய்தது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய பாதியாக இருந்தது.

இனி, கதவு மீண்டும் திறந்தபோது நடந்ததைப் பார்ப்போம். இடம் குறைவு, காத்திருப்போர் அதிகம். யாரை முதலில் அழைப்பது?

இருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் 27 வயது இளைஞர். எடை 140 கிலோ. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீராக உள்ளன. மற்றவர் 49 வயது குடும்பத் தலைவி. எடை 92 கிலோ. இன்சுலின் ஊசியோடு இரண்டு வகை மாத்திரைகள். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9 சதவீதம். சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கிவிட்டது. தெருவில் பார்ப்பவர் இளைஞரைத்தான் சுட்டிக்காட்டுவார். பழைய வழக்கப்படியும், எடைக் குறியீடு உயர்ந்தவர், அல்லது பெயரை முதலில் பதிந்தவர் முன்னே போவார்.

2020 மே மாதம், லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பிரான்செஸ்கோ ரூபினோ தலைமையில் பன்னாட்டு நிபுணர்கள் 'லான்செட்' குழுமத்தின் நீரிழிவு இதழில் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். எடையை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள், நோய் எவ்வளவு வேகமாகக் கெடுக்கிறது என்று பாருங்கள் என்பதே அதன் சாரம். முந்திய அறுவையால் குடல் அடைப்பு, கசிவு போன்ற கோளாறு வந்தவர்களுக்குக் காத்திருப்பே கூடாது. மருந்துகள் உட்கொண்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்திற்குக் கீழே இறங்காதவர்கள், இன்சுலின் போடுபவர்கள், இருதயமோ சிறுநீரகமோ பழுதடையத் தொடங்கியவர்கள், எடை குறைந்தாலன்றி உறுப்பு மாற்று போன்ற சிகிச்சை பெற முடியாதவர்கள் ஆகியோர் 90 நாட்களுக்குள் அழைக்கப்பட வேண்டியவர்கள். ஆக, 92 கிலோ அம்மையார் முன்னே. 140 கிலோ இளைஞர் பின்னே. இளைஞருக்குச் சிகிச்சை வேண்டாம் என்பதல்ல; அவருக்குச் சற்றே அவகாசம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கொள்ளைநோய் முடிந்த பின்னும் கைவிடக்கூடாத ஏற்பாடு இது.

நடைமுறையும் மாறிற்று. நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன் சளி மாதிரிப் பரிசோதனை. அதுவரை வீட்டில் தனித்திருத்தல். முன்னும் பின்னுமான ஆலோசனைகளில் பல தொலைபேசியிலும் காணொளியிலும். கோவிட் கண்டு தேறியவர் அவசரமற்ற அறுவைக்கு 7 வாரமாவது பொறுப்பது நல்லது என்று 2021இல் பெரியதோர் ஆய்வு காட்டியது. கல்லீரலைச் சுருக்க அறுவைக்கு முன் இரண்டு வாரம் போல் குறைந்த மாவுச்சத்து உணவு உண்ண வேண்டும். அதைக் கடைப்பிடித்து முடித்த பிறகு தேதி மாறினால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் 2021இலும் தொற்று ஏறியபோதெல்லாம் தேதிகள் மாறின.

பலன் எப்படி? 2020இல் 42 நாடுகளில் இச்சிகிச்சை பெற்ற 7,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்ததில், முதல் 30 நாட்களில் சிக்கல் கண்டவர்கள் சுமார் 7 சதவீதம். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவு. கொள்ளைநோய்க்கு முந்திய நிலையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டதல்ல.

ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்டவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பின் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு வந்தால், அது கோவிட்டாகவும் இருக்கலாம், தையல் கசிவாகவோ நுரையீரலில் இரத்தக்கட்டாகவோ இருக்கலாம். வீட்டிலிருந்தபடி ஊகிக்க வேண்டாம். மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நாட்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் பி1 வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்படலாம். சைவ உணவினர் பி12 மாத்திரையையோ ஊசியையோ ஒருபோதும் நிறுத்தலாகாது.

இதெல்லாம் நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், 2022ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி, எடைக் குறியீடு 27.5ஐத் தொட்ட ஆசியர்களுக்கும் இச்சிகிச்சை பற்றி எடுத்துச் சொல்லலாம் என்கிறது. சிங்கப்பூரில் மருத்துவக் காரணம் இருந்தால் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தவும் வழியுண்டு.

பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக் கோப்பில் இருப்பது பதிவு செய்த அன்றைய நிலைமை. இடைக்காலத்தில் இன்சுலின் அளவு கூட்டப்பட்டாலோ, சிறுநீரில் புரதம் கண்டாலோ, நெஞ்சு வலிக்காகப் படுக்க நேர்ந்தாலோ, அடுத்த சந்திப்பு வரட்டும் என்று இருந்துவிடாமல் அந்த வாரமே தொலைபேசியில் அழைத்துத் தெரிவியுங்கள். வரிசையில் உங்கள் இடம் அதைப் பொறுத்தே மாறும்.