டோஸ்டருக்கும் பரீட்சை உண்டு, தெரியுமா?

ரொட்டி எவ்வளவு நன்றாகச் சிவக்கிறது என்று அளந்து பார்க்க, உலகத்துக்கே பொதுவான ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது, தெரியுமா? ஜெனீவாவில் இருக்கும் ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் எழுதி வைத்தது. எண் 60442. வீட்டு டோஸ்டரின் திறனை எந்த முறையில் அளப்பது என்பது மட்டும்தான் அதில்! ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்கிற விதிகள் தனி. நம் நாட்டில் அந்தப் பாதுகாப்புச் சோதனை ஐ.எஸ். 302 வரிசையில் இரண்டாம் பாகம், ஒன்பதாம் பிரிவில் வருகிறது. ஆக, ஒரு டோஸ்டர் பாதுகாப்பில் பாஸாகி, ரொட்டி சுடுவதில் கோட்டை விடலாம். அந்த இரண்டாவது பரீட்சையை நம் வீட்டு அடுப்படியில் நாம்தான் நடத்த வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பரோட்டாவும் பிரியாணியும் கொடி கட்டிப் பறக்கிற ஊர். வீட்டுக்கு ரொட்டிப் பாக்கெட் வந்தால், “யாருக்குக் காய்ச்சல்?” என்றுதான் முதல் கேள்வி வரும். டோஸ்டரோ கல்யாண அன்பளிப்பாக வந்து பரணில் ஏறியிருக்கும். கடையில் போய், “அண்ணாச்சி, இது நல்லா சுடுமா?” என்று கேட்டால், “அதெல்லாம் சூப்பரா சுடும்” என்று பதில் வரும். எந்த வோல்டேஜில் சுடும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்!

230 வோல்ட்டில் 800 வாட் இழுக்கிற டோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விசைத்தறிகள் ஓடுகிற தெருவில், ஆளுக்கு ஆள் மோட்டார் போடுகிற நேரத்தில், லோ வோல்டேஜாகி 200 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். அப்போது டோஸ்டர் எத்தனை வாட் தரும்? 700 என்று நினைத்தால் தவறு. சுமார் 605 வாட்தான்! சூடு, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் சூடு 24 சதவீதம் போய்விடுகிறது. இதில் இன்னொரு கூத்து: இப்போதைய டோஸ்டர்கள் பலவற்றில் இருப்பது வெறும் நேரக் கணக்கு. சூடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. இரண்டு நிமிடம் ஆனதும் டக்கென்று ரொட்டியை மேலே தள்ளிவிடும். ரொட்டி வெளுத்துப் போய் எட்டிப் பார்க்கும். நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

கரண்ட் போனால் ரொட்டி தானாகவே துள்ளி வெளியே வந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? இந்த வகை டோஸ்டர்களில் கைப்பிடியைக் கீழே பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய மின்காந்தம். மின்சாரம் நின்றால் காந்தம் போச்சு, ஸ்பிரிங் ரொட்டியைத் தூக்கிவிடும். ப்ளக் மாட்டாமல் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், நிற்கவே நிற்காது. அது ரிப்பேர் இல்லை சாமி, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்!

முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. நிறத்துக்கான திருகை அதே எண்ணில் வைத்துச் சுட்ட இரண்டாவது ஈடு ஏன் கருகுகிறது? டோஸ்டர் ஏற்கெனவே சூடாகிக் கிடக்கிறது. நேரம் மட்டும் அதே நேரம். நல்ல டோஸ்டர் இதை ஈடுகட்டும், மட்டமானது கட்டாது. அமெரிக்காவில் 1936 முதல் பொருள்களைச் சோதித்து வரும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை, அடுத்தடுத்த ஈடுகள் ஒரே நிறத்தில் வருகின்றனவா என்று பார்த்து டோஸ்டர்களுக்கு மதிப்பெண் போடுகிறது. என்னைக் கேட்டால், இதுதான் டோஸ்டரின் யோக்கியதையைக் காட்டுகிற சோதனை. பளபளப்பும் விளக்கும் பட்டனும் அப்புறம்தான்.

திருகில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 3, இன்னொரு கம்பெனியின் 3 அல்ல. ஒரே டோஸ்டரின் 3 கூட எல்லா ரொட்டிக்கும் ஒன்றல்ல! இனிப்பான மில்க் பிரெட் சீக்கிரம் சிவக்கும். காரணம் சர்க்கரையும் பால் புரதமும். சூட்டில் சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து நிறம் தருவதை 1912-ல் எழுதி வைத்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். தோசை சிவப்பதும் இதே மயார் வினையால்தான். புது ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிப் போன பிறகுதான் மேற்புறம் 140 டிகிரி வாக்கில் ஏறிச் சிவக்கத் தொடங்கும். அதனால்தான் காய்ந்த ரொட்டி முந்திக்கொள்கிறது.

உள்ளே செக்கச்செவேலென்று எரிகிறதே அந்தக் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கிடைத்த கம்பிகள் சூட்டில் காற்றுப் பட்டு அரித்து சீக்கிரமே அறுந்துபோயின. பல டோஸ்டர்களில் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் பளபளத் தகடு வேறொன்றுமில்லை, நம் காக்காப்பொன்! மைக்கா. ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கு மைக்காத் தகடு பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்துதான். அதில் ஒரு பங்கு சென்னைக்கு வடக்கே நெல்லூர், கூடூர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து போனது.

டோஸ்டரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2009-ல் தாமஸ் த்வைட்ஸ் என்ற லண்டன் மாணவர், இரும்புத் தாதுவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தானே செய்து ஒரு டோஸ்டர் கட்டிப் பார்த்தார். நாலு பவுண்டுக்கும் குறைவாக அப்போது கடையில் கிடைத்த சாமான். அவருக்கு ஆன செலவு 1,187 பவுண்டு! ப்ளக்கில் மாட்டியதும் சுமார் ஐந்து விநாடியில் உருகிப்போனது.

கை தவறினால் வெண்ணெய் தடவிய பக்கம்தான் தரையில் விழும் என்பார்களே, அதையும் சோதித்துவிட்டார்கள். 2001-ல் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் 9,821 முறை ரொட்டியைக் கீழே தள்ளினார்கள். 62 சதவீதம் வெண்ணெய்ப் பக்கமே! மேசையின் உயரத்தில் ரொட்டிக்குப் பாதிச் சுற்று சுற்றத்தான் நேரம் கிடைக்கிறது.

செலவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 800 வாட் டோஸ்டர் இரண்டு நிமிடம் ஓடினால், ஒரு யூனிட்டில் 37 ஈடு, அதாவது 74 துண்டு சுடலாம். அதற்காகச் சின்ன வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிவிடாதீர்கள், தாங்காது. ரொட்டி சிக்கிக்கொண்டால் முள்கரண்டியை உள்ளே விடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுங்கள். கருகிய ரொட்டியைக் குழந்தைக்குக் கொடுக்கவும் வேண்டாம். மாவுப்பண்டங்கள் அதிகமாகச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி உங்கள் வீட்டுப் பரீட்சை. ஒரே பாக்கெட் ரொட்டி, ஒரே எண், இடைவெளி விடாமல் மூன்று ஈடு. துண்டுகளை இரண்டு பக்கமும் தெரிய வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுங்கள். காலையில் ஒரு தடவை, லோ வோல்டேஜ் நேரத்தில் ஒரு தடவை. ஒரு பக்கம் கருகி மறு பக்கம் வெளுத்திருந்தாலோ, மூன்றாவது ஈடு கரியாக வந்தாலோ, வாரண்டி முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது.