கறுத்த மலமும் கல்லீரல் தமனியும்

மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாகவும் கடுநாற்றத்துடனும் வெளிப்படுமாயின், அது செரிமானப் பாதையின் மேற்பகுதியில் குருதி கசிவதன் அறிகுறியாகும். ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிலிட்டர் குருதியே மலத்தை இவ்வாறு கறுக்கச் செய்யப் போதுமானது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பதுண்டு. ஆயினும் அதுதான் காரணம் என்று நாமே முடிவுகட்டலாகாது. குருதிக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாவது வயிற்றுப்புண். மிக அரிதாக, அக்குருதி கல்லீரலின் தமனியிலிருந்தும் வரக்கூடும். அவ்வரிய காரணத்தையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தமிழகத்தார் 'தமனி' என்பதை ஈழத்தார் 'நாடி' என்பர். தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்தால், உள்ளே பாயும் குருதியின் அழுத்தம் அதனைப் பலூன்போல ஊதச் செய்கிறது. இதனையே தமனிப் புடைப்பு என்கிறோம். தமனிச்சுவர் தடித்துச் சிதைதல், விபத்துக் காயம், கிருமித் தொற்று, கணைய அழற்சி, பித்தப்பை அறுவை ஆகியன கல்லீரல் தமனி புடைக்கக் காரணமாகலாம்.

இத்தமனியும் பித்தக்குழாயும் அடுத்தடுத்து ஓடுகின்றன. புடைப்பு பித்தக்குழாயினுள் வெடித்தால் குருதி பித்தத்தோடு கலந்து சிறுகுடலை அடையும். உறைந்த குருதி குழாயை அடைக்கும்போது வலியும் மஞ்சள் காமாலையும் தோன்றும். வலது மேல்வயிற்று வலி, காமாலை, குருதிப்போக்கு ஆகிய இம்மூன்றும் செருமானிய மருத்துவர் குவின்கே 1871இல் கல்லீரல் தமனிப் புடைப்பு குறித்து எழுதியதையொட்டி அவர் பெயராலேயே வழங்குகின்றன. எனினும், மூன்றும் ஒருங்கே காணப்படுவோர் சிறுபான்மையினரே. பித்தக்குழாய்வழிக் குருதிப்போக்குக்கு இன்று வழங்கும் மருத்துவப் பெயரைச் சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் சான்ட்புளோம் 1948இல்தான் சூட்டினார்.

உறைகட்டி அடைப்பதால் குருதிப்போக்கு தானாக நின்று, சில நாளில் மீண்டும் தொடங்கலாம். நின்றுவிட்டது என்பதால் நோய் தீர்ந்தது என்று கொள்ளலாகாது. உள்நோக்குக் கருவி இரைப்பையில் புண் எதனையும் காட்டாதபோது, சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் புடைப்பைக் காட்டிக்கொடுக்கும். தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்ணிய உலோகச் சுருள்களால் புடைப்பை அடைத்துவிடுவர். கல்லீரலுக்குச் செல்லும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கை வாயிற்சிரை தருவதால், பெரும்பாலும் கல்லீரல் இவ்வடைப்பைத் தாங்கிக்கொள்கிறது.

பேராக் மாநிலத்தில் இதனைச் சொல்ல வேண்டிய தேவை உண்டு. இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர் பலர் இன்று முதுமையில், ஈப்போவைச் சூழ்ந்த வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றனர். தோட்ட டிரஸ்ஸரிடம் அன்று தமிழிலேயே நோயைச் சொன்னவர்கள், இன்று மகனையோ பேத்தியையோ மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு மருத்துவர் முன் அமர்கின்றனர். மலத்தின் நிறத்தைப் பிள்ளைகள் முன் சொல்லக் கூசி, 'வயிறு சரியில்லை' என்று நிறுத்திக்கொள்வாராயின், மருத்துவரின் காதுக்கு எட்டுவது வெறும் வயிற்றுவலி மட்டுமே. அங்கே அறுந்துபோவது நோயின் முதல் தடயம்.

ஆதலின், 'மலம் தார்போலக் கறுத்தது, இத்தனை நாளாக, இடையில் நின்று மீண்டும் போயிற்று, கண் மஞ்சளித்தது, முன்பு பித்தப்பை அறுவை நடந்தது' என்று உள்ளதை உள்ளவாறே சொல்லப் பழகுவோம். உடன் செல்வோரும் எதனையும் மழுப்பாமல் மொழிபெயர்க்க வேண்டும். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்துவரின் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாட வேண்டும். கூச்சத்தினும் உயிர் பெரிது.