ஒலிச் சில்லினுள் ஒரு மடக்கை அட்டவணை

ஆக்கியோர் விளக்காத கருவியொன்றின் உள்ளியக்கத்தை வெளியிலிருந்தே அறிதல் கூடுமா? 1987 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அட்லிப் என்னும் கணனி ஒலியட்டையைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

அவ்வட்டையின் உயிர்நாடி யமஹா நிறுவனத்தின் ஒய்.எம். 3812 என்னும் சில்லாகும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜோன் சௌனிங் 1973 இல் விளக்கிய மீடிறன் பண்பேற்ற முறையில், ஓரலையை மற்றோரலையால் அசைத்து அஃது ஒலியை ஆக்குகின்றது. எப்பதிவகத்தில் எவ்வெண்ணை இடுதல் வேண்டும் என்பதைக் கைந்நூல் கூறிற்று. அவ்வெண் உள்ளே எவ்வாறு அலையாகின்றது என்பதை அது கூறவில்லை. இன்று அச்சில்லு உற்பத்தியில் இல்லை. எஞ்சிய அட்டைகளும் பழுதடைந்து வருகின்றன. உள்ளியக்கம் அறியப்படாவிடின், அதற்கென இயற்றப்பட்ட இசையின் மூலவொலியும் அதனோடு மறையும்.

அறியும் வழி எளியது. ஒரு பதிவகத்தை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாது நிறுத்தி, வெளிவரும் அலையை அளத்தல் வேண்டும். எஹலியகொடைத் தோட்டப்புறங்களில் முழங்கும் தப்பொலியை எண்ணுக. அடி விழுந்ததும் ஒலி எழுகின்றது; பின் அடங்குகின்றது. சில்லிலும் எழும் வேகத்துக்கும் அடங்கும் வேகத்துக்கும் தனித்தனி எண்கள் உள. ஒலியளவுக்குரிய எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுந்தோறும் ஒலி 0.75 டெசிபெல் தாழ்கின்றது. எட்டுப் படிகளில் வீச்சம் ஏறத்தாழப் பாதியாகின்றது. மேலும் எட்டுப் படிகளில் காற்பங்காகின்றது. சமமான கூட்டல் சமமான விகிதத்தைத் தருதல் மடக்கையின் இயல்பன்றோ?

இவ்வியல்பின் காரணத்தை 2008 இல் மத்தியூ கம்ப்ரெல், ஒல்லி நியெமிட்டலோ ஆகிய இருவரின் ஆய்வு ஐயமற நிறுவிற்று. மேலுறை நீக்கிய சில்லை நுணுக்குக்காட்டியால் படமெடுத்து, அதன் நினைவகத்தை அவர்கள் வாசித்தனர். ஆங்கு 256 எண்கள் கொண்ட இரு அட்டவணைகள் இருந்தன. ஒன்று சைன் அலையின் காற்பகுதிக்குரிய மடக்கை, மற்றையது முரண்மடக்கை.

சைன் பெறுமானத்தை வீச்சத்தால் பெருக்கினாலன்றி வேண்டிய ஒலியளவு கிடையாது. பெருக்குஞ் சுற்றோ பெருஞ்செலவினது. ஆதலின் சில்லு மடக்கைகளைக் கூட்டி, முரண்மடக்கை காண்கின்றது. எஹலியகொடையில் சாதாரண தர வகுப்பு மாணவர் அட்டவணையை விரித்துச் செய்யும் கணக்கும் இதுவே. சில்லு அதனை நொடிக்கு ஏறத்தாழ 49,700 அலைமாதிரிகளுக்குச் செய்கின்றது.

இவ்வட்டவணைகளைக் கொண்டு எழுதப்பட்ட செய்நிரல்கள் இன்று அச்சில்லின்றியே அதன் ஒலியை எழுப்புகின்றன. சில்லின் உட்புறத்தைப் படமெடுக்க நுண்கருவிகள் வேண்டும். எனினும், ஒன்றை மாற்றி, விளைவை அளந்து, விதியை ஊகித்தற்கு அவை வேண்டா. தோட்டப் பாடசாலை மாணவரும் கைக்கொள்ளத்தக்க ஆய்வுமுறை இதுவென்பது எமது துணிபு.