நின்றுபோன கடனும் பிள்ளைகளின் எதிர்காலமும்



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நமது அலுவலகத்துக்குப் பல குடும்பங்கள் வருகின்றன. சிலரிடம் விசாரித்தால், எப்போதோ வாங்கிக் கட்டாமல் விட்ட ஒரு கடன் இடையில் நிற்பது தெரியவருகிறது. தவணையில் வாங்கிய செல்போன், ஒருவர் சொன்னார் என்று வாங்கி வைத்த கிரெடிட் கார்டு, மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று பல வகை. தொகை சிறியதாக இருக்கும். அதன் நிழல் மட்டும் நீளமானது.

வட்டிக் கடனே வேண்டாம் என்பதுதான் மார்க்கம் நமக்குக் காட்டிய வழி. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏற்கெனவே சிக்கிவிட்டவரை 'ஏன் வாங்கினாய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் வெளியே வரப்போவதில்லை. வெளியே வரும் வழியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பதிவு எங்கே இருக்கிறது?

வங்கி, நிதி நிறுவனம், பெண்கள் குழுக் கடன் தரும் நிறுவனம் என யாரிடம் வாங்கினாலும், நாம் கட்டியதும் கட்டாததும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. நம் நாட்டில் இவை நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். இவற்றுக்கு 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிச் சட்டம் உண்டு. மக்கள் 'சிபில் ஸ்கோர்' என்று சொல்லும் மதிப்பெண் 300 முதல் 900 வரை. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் 36 மாதம் வரை, எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்பது வரிசையாக இருக்கும். 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடன் ஆகிறது.

இதன் பாதிப்பு நம்மோடு நிற்பதில்லை. கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். ஆகவே தந்தையின் பழைய பாக்கி மகளின் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். ஜாமீன் போட்டவருக்கும் இதே நிலைதான். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவருடைய பதிவும் கெடும். வங்கி வேலைக்கான தேர்வு அறிவிப்புகளிலும், கடன் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அறிக்கையைப் பாருங்கள்

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பான் எண்ணும் செல்போன் எண்ணும் இருந்தால் அவற்றின் இணையதளத்திலேயே பெறலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று இருக்கலாம். நாம் வாங்காத கடன்கூட நம் பெயரில் இருக்கலாம். அப்படி இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் அதைத் தீர்க்க வேண்டும்; அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தர வேண்டும்.

'செட்டில்மெண்ட்' என்ற சொல்லில் ஏமாற வேண்டாம்

பலர் தடுமாறும் இடம் இதுதான். 80,000 ரூபாய் பாக்கியில் 35,000 கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்று தொலைபேசியில் சொல்வார்கள். கட்டிய பிறகு வசூல் தொல்லை நின்றுவிடும். ஆனால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அதாவது, இவர் முழுவதும் கட்டவில்லை, கடன் கொடுத்தவர் மீதியை விட்டுக்கொடுத்தார் என்று பொருள். அடுத்து கடன் கொடுக்க வருபவர் அதைப் பார்த்துத் தயங்குவார்.

'ரைட் ஆஃப்' என்றால் தள்ளுபடி என்று நினைப்பதும் தவறு. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில்தான் அதை ஒதுக்கி வைக்கிறது. நம் கடன் அப்படியே இருக்கிறது.

ஆகவே இயன்றால் முழுவதையும் கட்டி முடியுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் கிளைக்கு நேரில் சென்று, வருமானம் குறைந்ததற்கான ஆதாரத்துடன், அபராதக் கட்டணத்தைக் குறைத்துத் தவணையை மாற்றித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். வேறு வழியே இல்லாதவருக்கு செட்டில்மெண்டும் ஒரு வழிதான். அப்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்:

1. ஒப்புக்கொண்ட தொகையையும், பதிவில் எப்படிக் குறிக்கப்படும் என்பதையும் வங்கியிடமிருந்து கடிதமாக வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.
2. கடன் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். வசூலிக்க வருபவரின் சொந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.
3. முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரு மாதம் கழித்து அறிக்கையை மீண்டும் பாருங்கள்.

'ஐயாயிரம் கொடுங்கள், சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்பவர்களை நம்பாதீர்கள். உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது. கட்டி முடித்து, அதன்பின் ஒழுங்காக இருந்தால் மதிப்பெண் மெல்ல ஏறும்; மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

எதை முதலில் கட்டுவது?

ஏலத்துக்குப் போகக்கூடிய நகையும் வீடும் முதலில். அடுத்து, பிறர் ஜாமீன் போட்ட கடன். நம்மால் இன்னொரு குடும்பம் அவதிப்படக் கூடாது. பிறகு கிரெடிட் கார்டு. மாதம் மூன்றரை சதவீதம் என்று சிறியதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 42 சதவீதம். ஒரு கடனை அடைக்க செல்போன் செயலியில் இன்னொரு கடன் வாங்குவது, குழியை மூட அருகில் வேறு குழி தோண்டுவதுதான்.

மிரட்டினால்

கடன் இருப்பதால் கண்ணியம் போய்விடுவதில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. குழுக் கடனுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லி அவமானப்படுத்துவதற்கு அனுமதி இல்லை. அப்படி நடந்தால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

வீட்டில் மறைக்காதீர்கள்

இந்த அலுவலகத்தில் நாம் காணும் பெரிய துயரம் கடன் தொகை அல்ல, அதை மறைப்பதுதான். மனைவிக்குத் தெரியாமல் கணவர் வைத்திருக்கும் கார்டு, கணவருக்குத் தெரியாமல் மனைவி எடுத்த குழுக் கடன். தெரியவரும் நாளில் பணத்தோடு நம்பிக்கையும் போய்விடுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கக் கட்டளையிடுகிறது. ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். நாம் மவுத்தானால் சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும். எழுதி வைக்காத கடனை வாரிசுகள் எப்படி அறிவார்கள்?

வசதி படைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதையும், விட்டுக்கொடுப்பதையும் குர்ஆன் சிறப்பித்துச் சொல்கிறது. உங்களிடம் கைமாற்று வாங்கியவரையும் அப்படியே நடத்துங்கள்.

கடன் காகிதங்களுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். வங்கிக்குக் கடிதம் எழுதவும் அறிக்கை எடுக்கவும் உதவுகிறோம். உங்கள் விவரம் வெளியே போகாது. கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்