ஒரு மில்லிமீற்றருக்குள் ஈரல்

கிருலப்பனைச் சந்தையில் இறைச்சிக் கடைக்காரர் ஆட்டீரலைத் துண்டு போடுவதைக் கவனித்துப் பாருங்கள். சிறுநீரகத்தைப் பிளந்தால் வெளிப்பக்கம் ஒரு நிறம், உட்பக்கம் இன்னொரு நிறம். இதயத்தைப் பிளந்தால் அறைகள், வால்வுகள். ஈரலை மட்டும் எங்கே வெட்டினாலும் ஒரே முகம்தான்: வழவழவென்ற கருஞ்சிவப்பு, நடுவில் இரண்டொரு குழாய் வாய்கள். இரத்தம் ஊறட்டும் என்று அதை மிளகு போட்டுப் பிரட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அம்மாமார் செய்வது சரிதான். இரும்புச்சத்தும் விற்றமின் பி12உம் அதில் நிறையவே உண்டு. ஈரலை உணவாகக் கொடுத்தே ஒருவகைக் கொடிய இரத்தசோகையைக் கட்டுப்படுத்தலாம் என்று 1926இல் காட்டிய மைனொட், மேர்பி இருவருக்கும், அதற்கு வழிகாட்டிய விப்பிளுக்கும் 1934இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால், சட்டிக்குப் போகும் அந்தத் துண்டுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்பது வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது.

பன்றி ஈரலில் கொஞ்சம் தெரியும். அதன் மேற்பரப்பை உற்றுப் பார்த்தால் மெல்லிய நார்க்கோடுகள் சின்னச் சின்ன அறுகோணங்களாகப் பிரித்து வைத்திருக்கும். 1660களில் சுவிற்சர்லாந்தின் வெப்பரும் இத்தாலியின் மல்பீகியும் இந்தப் பிரிவுகளைப் பற்றி எழுதினார்கள். மனித ஈரலிலும் அதே அறுகோணங்கள் உண்டு. கோடு போட்டுக் காட்டும் நார்தான் இல்லை. 1833இல் பிரான்சிஸ் கியர்னன் ஈரலின் குழாய்களுக்குள் நிறம் ஏற்றிப் பார்த்து ஒரு படம் வரைந்தார். நமது உயர்தர உயிரியல் பாடநூலில் ‘சிறுசோணை’ என்று இருக்கும் படம் அதன் வழிவந்ததே. ஒரு சிறுசோணை ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் அகலம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலில் இப்படிப் பத்து இலட்சமளவில் இருக்கின்றன.

ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்போம். அறுகோணத்தின் மூலைகளில் மூன்று குழாய்கள் சேர்ந்து நிற்கும். ஒன்று குடலிலிருந்து சாப்பாட்டின் சத்தையெல்லாம் ஏற்றி வரும் வாயினாளத்தின் கிளை. இரண்டாவது ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டுவரும் ஈரல் நாடியின் கிளை. மூன்றாவது பித்தக் கான். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லீற்றர் குருதி ஈரலுக்குள் வருகிறது. அதில் முக்கால் பங்கு வாயினாளத்தின் குருதி, அதாவது ஒட்சிசன் குறைந்த, ஏற்கெனவே குடலைச் சுற்றி வந்த குருதி. இரண்டும் கலந்து, ஈரற்கலங்களின் வரிசைகளுக்கு நடுவே உள்ள குடாப்போலிகள் என்ற அகன்ற நுண்குழாய்கள் வழியாக மெதுவாக ஊர்ந்து, அறுகோணத்தின் மையத்தில் இருக்கும் மைய நாளத்தில் போய்ச் சேரும். விளிம்பிலிருந்து மையத்துக்கு இருபது கலங்களளவு தூரம்தான்.

குடாப்போலியின் சுவர் விசித்திரமானது. உடம்பில் வேறெங்கும் குருதிக் குழாய்க்கு இவ்வளவு பொத்தல் சுவர் அரிது. அதன் கலங்களில் 100, 150 நானோமீற்றர் அகலத்தில் கூட்டங்கூட்டமாகத் துளைகள். சுவருக்கு வெளியே வழக்கமாக இருக்கும் அடிமென்சவ்வும் இல்லை. சிவப்பணு அந்தத் துளையால் வெளியேற முடியாது. ஆனால் குருதித் திரவம் அப்படியே கசிந்து ஒரு குறுகிய இடைவெளிக்குள் வந்து ஈரற்கலத்தை நனைக்கும். டிஸ்ஸே என்ற ஜேர்மன் அறிஞரின் பெயரால் அழைக்கப்படும் இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்தடுத்த இரண்டு ஈரற்கலங்களுக்கு நடுவே, தனக்கென்று சுவர்கூட இல்லாத நுண்ணிய பித்தக் கால்வாய்கள் ஓடுகின்றன. குருதி விளிம்பிலிருந்து மையத்துக்கு, பித்தம் மையத்திலிருந்து விளிம்புக்கு. காலை எட்டு மணி ஹைலெவல் வீதியில் கோட்டைப் பக்கம் போகிறவர்களும் நுகேகொடைப் பக்கம் போகிறவர்களும் போல, ஒன்றையொன்று உரசாமல் எதிரெதிர்த் திசையில்.

குருதியும் பித்தமும் கலந்துவிட்டால் செங்கமாரி. கலங்கள் வீங்கினாலும் சிதைந்தாலும், பித்தக் கான் அடைபட்டாலும், பித்தத்தோடு வெளியேற வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் குருதிக்குத் திரும்பிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். செங்கமாரி என்றதும் நம்மவர்களுக்குக் கீழ்காய்நெல்லிதான் ஞாபகம். அதற்கு ஓர் அறிவியல் வரலாறும் இருக்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பேர்க்கோடு சேர்ந்து, ‘லான்செற்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழ்காய்நெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெப்பற்றைற்றிஸ் ஏ செங்கமாரி பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அதனால் எந்தச் சாற்றைக் குடித்தாலும் அது சுகப்படுத்தியதாகவே தோன்றும் என்பது என் அபிப்பிராயம்.

ஈரற்கலங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை இல்லை. குருதி நுழையும் விளிம்பில் இருக்கும் கலங்களுக்கு ஒட்சிசன் தாராளம். பட்டினி நேரத்தில் புதிதாகக் குளுக்கோசு செய்வது, கொழுப்பை எரிப்பது, நச்சான அமோனியாவை யூரியாவாக்குவது எல்லாம் அங்கே மும்முரம். மையத்தை அண்டிய கலங்களுக்கு மிஞ்சிய ஒட்சிசன்தான் வந்து சேரும். மருந்துகளையும் மதுவையும் உடைக்கும் நொதியங்கள் அங்கேதான் செறிவு. சர்க்கரையைக் கொழுப்பாக்கும் வேலையும் அங்கேதான் கூட. 1954இல் ரப்பபோர்ட் இந்த வேறுபாட்டை வலயம் 1, 2, 3 என்று வகுத்தார். ஈரல் நோய்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை. எந்தக் கலம் சாகும் என்பதை, அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் அது எங்கே குடியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் பனடோலை எடுங்கள். விழுங்கிய பரசிற்றமோலில் பெரும்பகுதியை ஈரல் சாதுவாகக் கழித்துவிடும். சிறு பகுதி மட்டும் மூன்றாம் வலய நொதியங்களால் நச்சாக மாறும். அதையும் குளுட்டத்தயோன் என்ற பொருள் உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டத்தயோன் தீர்ந்து, நச்சு உண்டான அதே இடத்தில், அதாவது மைய நாளத்தைச் சுற்றி, கலங்கள் வட்டமாகச் செத்துப்போகும். விளிம்பில் உள்ளவை பல வேளைகளில் தப்பிவிடும். மோசம் என்னவென்றால், முதல் நாள் ஆள் சாதாரணமாகவே இருப்பார், குமட்டல் மட்டும் இருக்கும். மாற்று மருந்தான அசற்றைல்சிஸ்ரீனை எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால்தான் பலன் மிக அதிகம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முதல் நாள்தான் உயிரைக் குடிக்கும்.

கொழும்பில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு: டெங்கு. 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்குக்கு ஆளானார்கள். டெங்கு வைரஸ் ஈரலையும் தாக்கும். ஈரல் வீங்குவது ஓர் எச்சரிக்கைக் குறி. காய்ச்சலுக்குப் பாதுகாப்பானது பரசிற்றமோல் மட்டுமே என்பதும் உண்மை. காய்ச்சல் இறங்கவில்லையென்று ஆறு மணித்தியாலத்துக்குப் பதிலாக மூன்று மணிக்கொரு தடவை இரண்டிரண்டு குளிசை போட்டால், ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்கு இரண்டாவது அடி. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. தடிமனுக்கு வாங்கும் கலவை மருந்துகளிலும் அதே பரசிற்றமோல் ஒளிந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஈரற்கலங்களைத் தவிர இன்னும் இரண்டு வகைக் கலங்களைச் சொல்லாமல் விட முடியாது. குடாப்போலிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குப்ஃபர் கலங்கள், குடலிலிருந்து வரும் பற்றீரியாக்களையும் கிழட்டுச் சிவப்பணுக்களையும் விழுங்குகின்றன. டிஸ்ஸே இடைவெளியில் குந்தியிருக்கும் உடுவடிவக் கலங்கள், உடம்பின் விற்றமின் ஏயில் பெரும்பங்கைத் துளிகளாகச் சேமித்து வைத்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 1876இல் குப்ஃபர் தங்க உப்பால் சாயமிட்டுப் பார்த்தது இந்த இரண்டாவது வகையை. பிறகு அவரே அவற்றை விழுங்கும் கலங்களோடு குழப்பிக்கொண்டார். அந்தக் குழப்பத்தை யப்பானிய ஆய்வாளர் வாக்கே தீர்த்து வைத்தது 1971இல்தான். அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த உடுவடிவக் கலமே இன்று ஈரல் மருத்துவத்தின் முக்கியப் புள்ளி. ஏன் என்பதற்கு ‘ஃபற்றி லிவர்’ பக்கம் வர வேண்டும்.

வேறு எதற்கோ ஸ்கான் பண்ணப் போனவரின் றிப்போர்ட்டில் ‘ஃபற்றி லிவர், கிரேட் 1’ என்று ஒரு வரி இருக்கும். “நான் குடிக்கிறதே இல்லையே டொக்டர்” என்பதுதான் உடனே வரும் பதில். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 2007இல் ராகமப் பகுதியில் 35க்கும் 64க்கும் இடைப்பட்ட வயதுடைய 2,985 பேரை ஆராய்ந்தபோது, மதுவால் வராத கொழுப்பீரல் மூன்றிலொரு பங்கினரிடம் இருந்தது. கொழும்பின் புறநகர் வாழ்க்கை அப்படி என்று தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில், பெரும்பாலும் கடுமையாக உடல் உழைக்கும், வசதி குறைந்த மக்களிடம் பார்த்தபோதும் 18 சதவீதம். வெள்ளைச் சோறு மலையாக, கறி பேருக்கு, இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி. இந்தச் சாப்பாட்டு முறையில் மிஞ்சும் மாச்சத்தை மூன்றாம் வலயக் கலங்கள் கொழுப்பாக்கி, எங்கும் அனுப்ப முடியாமல் தங்களுக்குள்ளேயே அடைத்து வைக்கின்றன. கொத்துரொட்டியைத் திட்டுவது சுலபம். சோற்றுக் கோப்பையை யாரும் திட்ட மாட்டார்கள்.

அப்போது வரும் ஆறுதல் வார்த்தை: “ஈரல் வெட்டினாலும் வளரும்.” வளரும்தான். 1998 நவம்பரில், பித்தக் கான்கள் பிறப்பிலேயே அடைபட்டிருந்த காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு டில்லி அப்பலோவில் தந்தையின் ஈரலில் ஒரு துண்டை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தையொன்றுக்கு வெற்றிகரமாகச் செய்த முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று தானே ஒரு டொக்டர். கொடுத்தவரின் ஈரலும் சில வாரங்களில் பழைய பருமனை நெருங்கிவிடும். ஆனால் அங்கே மிச்சமிருந்தது ஒழுங்கு குலையாத ஈரல். குழாய்களும் வரிசைகளும் அப்படியே இருக்க, கலங்கள் மட்டும் பெருகின.

கொழுப்பும் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது நடப்பது வேறு. உடுவடிவக் கலம் தன் விற்றமின் ஏயைக் கைவிட்டு, நார் செய்யும் கலமாக மாறும். டிஸ்ஸே இடைவெளி நாரால் நிரம்பும். குடாப்போலியின் துளைகள் மூடிக்கொள்ளும். குருதிக்கும் ஈரற்கலத்துக்கும் நடுவே தடுப்பு விழுந்துவிடுகிறது. தழும்புக் கோடுகள் மைய நாளத்தையும் மூலைக் குழாய்களையும் இணைத்து அறுகோணங்களை நறுக்கும். அப்போதும் கலங்கள் பெருகத்தான் செய்யும், ஆனால் முறையான குழாய் இணைப்பு இல்லாத உருண்டைகளாக. அதுதான் சிரோசிஸ். குருதி உள்ளே போக முடியாமல் வாயினாளத்தில் அழுத்தம் ஏறும். மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். ஈரல் செய்யும் அல்புமின் என்ற புரதம் குறைந்து வயிற்றில் நீர் கோர்க்கும். அமோனியா மூளைக்குப் போய்ப் புத்தி தடுமாறும். மனிதருக்கு அறுகோண எல்லைக்கோடு இல்லாதிருப்பதே நல்லது; நம் ஈரலில் கோடு தெளிவாகத் தெரிகிறதென்றால் காரியம் முற்றிவிட்டது.

ஆகவே றிப்போர்ட்டில் உள்ள ‘கிரேட்’ எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதி அடைவதும் இரண்டும் பொருத்தமில்லை. அந்த எண் கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. ஐந்திலொரு பங்குக்குக் குறைந்த கொழுப்பு சாதாரண ஸ்கானில் தெரியாமலே போகவும் கூடும். டொக்டரிடம் கேட்க வேண்டியது, “தழும்பு இருக்கிறதா?” என்பதை. வயது, இரண்டு ஈரல் நொதியங்கள், குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை இவற்றை வைத்துப் போடும் ‘ஃபிப்-4’ கணக்கு செலவில்லாதது. அது சந்தேகம் காட்டினால், தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கான். நீரிழிவு உள்ளவர்களும், இடுப்பளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டியவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். உடம்பு நிறையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். பத்தைத் தாண்டியவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. எண்பது கிலோ ஆளுக்கு அது எட்டுக் கிலோ.