வேகம் தாங்காத புரோகிராம்

1993-ல் கும்பகோணத்தில் நான் போய்வந்த கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஏ.சி. அறை, தூசி ஆகாது என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. அதனால் புரோகிராம் முழுவதையும் வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போய், அங்கே தட்டச்சு மட்டும் செய்வேன். டர்போ பாஸ்கல் 7-ல் அப்படி எழுதியதுதான் எங்கள் தெருப் படிப்பகத்தின் புத்தகப் பதிவேடு. நூலின் பெயர், ஆசிரியர், எடுத்துப் போனவர், தேதி எல்லாமே தமிழில் திரையில் தெரியும். இன்றைய மடிக்கணினியில் அது மறுபடி ஓட வேண்டும் என்பது சில வருடங்களாக என் பிடிவாதம்.

அன்றைய இயங்குதளமான டாஸில் தமிழ் எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டக்கூடிய எழுத்துகள் மொத்தம் 256. முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும். மேல்பாதி 128-ல் ஐரோப்பிய எழுத்துகளும் கட்டம் போடும் கோடுகளும் இருக்கும். திரையை இயக்கும் விஜிஏ அட்டையில் இந்த உருவங்களை மாற்றலாம். ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, வரிக்கு ஒரு எண்ணாக 16 எண்கள் கொடுத்தால் ஓர் எழுத்து. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, உகர ஊகார வரிசை 36. இதற்கே 85 இடம் போயிற்று. மீதி 43-ல் கால், கொம்பு, கொக்கி, கிரந்தம் எல்லாம் அடங்க வேண்டும். 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அன்று மனதார நன்றி சொன்னேன். பழைய ணை, லை, னை வடிவங்கள் இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஐகாரக் குறியோடு வேலை முடிந்தது.

அப்படியும் ண, ஞ போன்ற அகல எழுத்துகள் 8 புள்ளியில் நிற்கவில்லை. இரண்டாக வெட்டி இரண்டு இடத்தில் வைத்தேன். வைத்தால் நடுவே ஒரு கீறல்! விஜிஏ அட்டை எழுத்துகள் ஒட்டாமலிருக்க ஒன்பதாவது புள்ளியாக ஒரு வெற்றிடத்தைத் தானே சேர்த்துவிடும். 192 முதல் 223 வரையுள்ள 32 எண்களுக்கு மட்டும் விலக்கு. கட்டக் கோடுகள் அறுபடக் கூடாது என்று, எட்டாவது புள்ளியையே ஒன்பதிலும் போடும். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகல எழுத்துகளின் இடப்பாதிகளை எல்லாம் அந்த 32-க்குள் குடியேற்றினேன். படிப்பகச் செயலாளர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம பேர்ல முதல் எழுத்தே ஸ்ரீதானே, அதைக் காணோமே?" என்றார். எதையோ வெளியேற்றி அதற்கும் இரண்டு இடம் கொடுத்தேன்.

அந்நாளில் எதுவும் போதாது. இன்டெல் 8088 எட்டக்கூடிய நினைவகமே 1 எம்பி. அதில் 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் என்று ஒதுக்கிவிட, நமக்கு மிஞ்சியது 640 கேபி. மவுஸுக்கு ஒரு டிரைவர், டிஸ்க் வேகத்துக்கு ஒரு டிரைவர் என்று அதையும் ஆளுக்குக் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டு, மறுபடி பூட் செய்து, 10 கேபி கூடுதலாகக் கிடைத்தால் பெரிய வெற்றி. இன்று என் மடியில் இருக்கும் கணினியில் 8 ஜிபி, அந்த 640 கேபியைப் போல 13,000 மடங்கு. இந்த மிகுதியில்தான் என் புரோகிராம் மூச்சுத் திணறியது.

முதல் அடி 1998-லேயே விழுந்தது. படிப்பகத்துக்கு 300 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 வந்தது. பிளாப்பியைச் செருகி ஓட்டினால், 'ரன்டைம் எர்ரர் 200'. பூஜ்யத்தால் வகுத்தல் என்று பொருள். என் புரோகிராமில் வகுத்தலே ஓரிடத்தில்தான், தாமதக் கட்டணக் கணக்கில். அதுவரை அது போகவே இல்லை, முதல் வரிகூட ஓடவில்லை. காரணம் டர்போ பாஸ்கலோடு வரும் கிரட் நூலகத்தில் இருந்தது. அது விழித்தவுடன் ஒரு வெற்றுச் சுற்றை ஓடவிட்டு, கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று முடிகிறது என்று எண்ணும். அதை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை என்று வைத்துக்கொள்ளும். விடை 65,535-க்குள் அடங்க வேண்டும். புது இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் அடங்கவில்லை. விடை கொள்ளாமல் போனாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் சிப் எழுப்பும் அலறல் ஒன்றுதான். எங்கோ இருந்த ஆர்வலர்கள் இதற்குத் திருத்தம் எழுதி இலவசமாகத் தந்திருந்தார்கள். என்னிடம் மூலநிரல் இருந்ததால் பிழைத்தேன். மூலநிரல் தொலைந்துபோன எத்தனை கடைக் கணக்குகள் அந்த எண் 200-ல் நின்றிருக்கும்!

அடுத்தது 64 பிட். 1985-ல் வந்த 386 சிப், தனக்குள்ளேயே ஒரு பழைய 8086-ஆக நடிக்கும் வித்தையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் அதை வைத்துத்தான் டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. 64 பிட் நிலையில் அந்த வித்தை சிப்பில் கிடையாது. இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்ற ஒற்றை வரியோடு கதவு சாத்தப்பட்டது. இலவச ஃப்ரீடாஸை நேரடியாக பூட் செய்யலாமே என்றால், அதற்குப் பழைய பயாஸ் வேண்டும். புதுக் கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ.

கடைசியில் கைகொடுத்தது 2002-ல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ். இது சிப்பையும் விஜிஏ அட்டையையும் கடிகாரத்தையும் மென்பொருளாகவே நடித்துக்காட்டுகிறது. என் எழுத்துகள் அதில் அப்படியே தெரிந்தன. ண-வில் கீறல் இல்லை. கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். அன்றைய 386 பெட்டிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். பெயர் டர்போ என்றாலும் அது இருந்தது வேகத்தைக் குறைக்கத்தான், 4.77 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதிய விளையாட்டுகள் தறிகெட்டு ஓடாமலிருக்க. அதே வேலையை இப்போது எஃப்11 செய்கிறது.

அச்சுதான் இன்னும் வம்பு. என் புரோகிராம் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு, எந்த ஊசி எப்போது குத்த வேண்டும் என்று பேரலல் போர்ட் வழியாகப் புள்ளி புள்ளியாகச் சொல்லும். இன்று அந்தப் போர்ட்டே இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் மாற்றுக் கேபிள் வாங்கினேன். பழைய புரோகிராம் தேடும் முகவரியில் அது பதில் சொல்வதில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப் பதிப்பு பிரிண்டரையும் நடிக்கிறது. அதில் பக்கம் படமாக வருகிறது, ஊசிச் சத்தம் இல்லாமல்.

ஆனால் எனக்கு வேண்டியது ஓடும் புரோகிராம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பெயர்கள். இன்றைய எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் சம்பந்தமில்லாத எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகிறது. எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது உலகில் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி, எழுதி வைத்த நோட்டோ போன இடம் தெரியவில்லை. அதனால் எழுத்துருக் கோப்பிலிருந்து 16 எண்களாக எடுத்து, மறுபடி வரைபடத் தாளில் கட்டங்களை நிரப்புகிறேன். 128 முதல் வரிசையாக யூனிகோடு அட்டவணை வளர்கிறது. நேற்று 211 வரை வந்தேன். ஒரு சுழியும் மேலே போகும் கொம்பும், எந்த எழுத்தின் பாதி என்று பிடிபடவில்லை. 212-ஐயும் வரைந்து பக்கத்தில் ஒட்டியதும் தெரிந்தது: ஸ்ரீ. குறித்துக்கொண்டு 213-க்கான தாளை எடுத்தேன்.