மயிர்க்காலும் ஊசி உருளையும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் பேருந்துகளில் முடி காணிக்கை செலுத்தச் செல்லும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். மொட்டையடித்த தலையில் சில வாரங்களில் மீண்டும் முடி தலைகாட்டுகிறது. கத்தி நீக்குவது தோலுக்கு வெளியேயுள்ள உயிரற்ற இழையை மட்டுமே. அதன் வேர் ஏறத்தாழ 4 மி.மீ. ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது. (மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று பாட்டிமார் கூறுவர். மயிர்க்கால்களின் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை.)

பரம்பரை வழுக்கையில் நிகழ்வது வேறு. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் செயலால் மயிர்க்கால்களே படிப்படியாகச் சுருங்குகின்றன. முளைக்கும் முடியும் பூனைமயிர் போல மெலிந்துவிடுகிறது.

சுருங்கிய மயிர்க்காலைத் தூண்ட முடியுமா? மும்பை சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலகர் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரச்சிதா துராத்தும் அவருடைய குழுவினரும் 100 ஆண்களைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஒரு பிரிவினர் 5 சதவீத மினாக்சிடில் கரைசலைத் தினம் இருமுறை தடவினர். மற்றப் பிரிவினருக்கு அதனுடன் வாரம் ஒருமுறை, 1.5 மி.மீ. நீள ஊசிகள் பதித்த சிறு உருளை தலையில் உருட்டப்பட்டது. 12 வாரங்களுக்குப்பின், குறித்த ஓரிடத்தில் எண்ணிப் பார்த்தபோது முதற்பிரிவில் சராசரியாக 22 முடிகளும், உருளைப் பிரிவில் 91 முடிகளும் கூடியிருந்தன!

ஊசி துளைத்ததும் உடல் அந்த நுண்காயத்தை ஆற்ற முனைகிறது. அப்போது இரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்காலைத் தூண்டுகின்றன என்று கருதுகிறார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இரு பிரிவினருமே மருந்து தடவியவர்கள். ஊசி மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவு ஒன்று இல்லை. ஆகவே ஊசியின் தனிப் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்விலிருந்து சொல்ல இயலாது.

இன்று அத்தகைய உருளையை யாரும் விலைக்கு வாங்கி வீட்டிலேயே உருட்டலாம். ஆனால் வளர்ச்சியைத் தூண்டும் அதே துளை கிருமிகளுக்கும் வாசல் அன்றோ! மழுங்கிய ஊசி தோலைக் கிழிக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே உருளையைப் பயன்படுத்தினால் பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடும். உருட்டிய கையோடு மினாக்சிடிலைத் தடவுவதும் ஆபத்து. அது முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக வந்த மருந்து. துளைகள் வழியே மிகுதியாக உட்சென்றால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும்.

உங்கள் வயதில் முடி கொட்டினால் பெரும்பாலும் காரணம் வேறு. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்கு 2, 3 மாதங்கள் கழித்து, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். காய்ச்சலின்போது பல மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுவதே காரணம். வட்டவட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டாகவோ படையாகவோ இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலால் கொட்டிய முடிக்கோ ஊசியே தேவையில்லை. பெரும்பாலும் ஆறு மாதங்களில் கொட்டுவது நின்று, முடி தானே முளைக்கத் தொடங்கிவிடும்.